நூல்கண்டு கேட்ட கேள்விகள்

வந்தவர் நாற்காலியைக் கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். கிளட்சுக்கு அது பிடிக்கவில்லை. அந்த நாற்காலியை அவன் அன்று காலையில்தான் துடைத்திருந்தான். மாதத்துக்கு ஒரு முறை நடக்கிற காரியம், அதற்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று நினைத்துக்கொண்டான்.

கிளட்ச் பன்னிரண்டு வருஷம் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன். "கிளட்ச், கிளட்ச்" என்று கத்தியே சொந்தப் பெயரைத் தொலைத்தவன். ஸ்கூலை இழுத்து மூடியபோது அவனுக்கு மிஞ்சியது இந்தப் பெயரும், ஓர் ஓட்டைக் காரும். அதற்கப்புறம்தான் அம்மாவின் தங்கை அவனைக் கூப்பிட்டுத் தன் ஆபீசில் உட்கார வைத்தாள்.

சித்தி பஸ் டிப்போவில் தொலைந்த பொருள் கவுண்டரில் இருபத்தாறு வருஷம் இருந்தவள். குடை, டிபன் கேரியர், பல்செட் என்று பஸ்ஸில் விட்டுவிட்டுப் போனதையெல்லாம் உரியவரிடம் சேர்ப்பதுதான் வேலை. ஓய்வு பெற்றதும் பொருளை விட்டு ஆட்களைத் தேட ஆரம்பித்தாள். ஒரு மாடி அறை, ஒரு கம்ப்யூட்டர், வாசலில் ஒரு பலகை. அவ்வளவுதான் கம்பெனி.

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். தேய்த்த முழுக்கைச் சட்டை. குரலை உயர்த்தத் தெரியாதவர் போல மெதுவாகப் பேசினார். தன் பெயரைச் சொல்லவில்லை. 'கேட்டா சொல்றோம்' என்று இன்டர்நெட்டில் ஒரு குழு இருக்கிறதாம். கறை போகவில்லை, குழாய் ஒழுகுகிறது, மாமியார் பேசமாட்டேன் என்கிறார், எதை வேண்டுமானாலும் கேட்கலாமாம். ஒன்பதாயிரம் பேர். யாருக்கும் யாரையும் தெரியாது, எல்லாரும் புனைபெயர்தான். தன்னுடைய பெயர் 'சும்மா ஒருத்தன்' என்றார்.

"ஒன்பதாயிரம் பேரா," என்றான் கிளட்ச். "எங்க வீட்டுல நாலு பேர் இருக்கோம். ஒருத்தர் சொல்றதை ஒருத்தர் கேக்கறதில்லை."

அவர் சிரித்தார். வாய் மட்டும்தான் சிரித்தது.

அந்தக் குழுவில் 'நூல்கண்டு' என்று ஒரு பெண்மணி. தையல்காரி, தனியாக இருக்கிறவள் என்பது மட்டும்தான் எல்லாருக்கும் தெரியும். ஆறு வருஷமாக அவள்தான் குழுவின் உயிர். யார் எதைக் கேட்டாலும் ஒரு கிண்டல், அதோடு ஒரு நல்ல யோசனை. அப்படிப்பட்டவள் பதினோரு நாளாகப் பதில் சொல்வதை விட்டுவிட்டுத் தானே கேள்வி கேட்க ஆரம்பித்திருக்கிறாள். அதுவும் சின்னப்பிள்ளை கேட்கிற மாதிரி கேள்விகள். அதைப் பார்த்துக் குழுவில் சிலர் பயந்துபோனார்கள். அவள் கணக்கை வேறு யாரோ பிடுங்கிக்கொண்டார்களோ, அவளுக்கு என்ன ஆயிற்றோ என்று ஒரே பேச்சு. போலீசுக்குப் போகலாம் என்று ஒருவர் கிளம்பவே கிளம்பிவிட்டாராம். எதற்கு அவசரம், நானே ஒரு நல்ல துப்பறியும் ஆபீசில் விசாரித்துவிட்டு வருகிறேன் என்று இவர்தான் எல்லாரையும் அமர்த்தியிருக்கிறார்.

மேஜைமேல் ஐந்து தாள்கள் வைத்தார். நூல்கண்டின் ஐந்து கேள்விகளையும் தாளுக்கு ஒன்றாக அச்செடுத்திருந்தார். "எனக்கென்னவோ பெரிசா ஒண்ணும் இல்லைன்னுதான் தோணுது மேடம். வயசாகுது, மறதி. நீங்க பார்த்துட்டு, இது அவங்க எழுதினதுதான்னு உங்க லெட்டர்ஹெட்ல ரெண்டு வரி கொடுத்தீங்கன்னா போதும். இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள கிடைச்சா நல்லது."

சித்தி தாள்களைத் தொடவில்லை. அவளை நேரில் பார்த்ததுண்டா என்று கேட்டாள். இல்லை என்றார். போனில் பேசியதுண்டா? அதுவும் இல்லை.

"சரி. அவங்ககிட்ட உங்களுக்குப் பிடிக்காதது என்ன?"

அவர் கொஞ்சம் தடுமாறினார். "பிடிக்காததுன்னு... ஒண்ணுமே இல்லை மேடம். நான் என்ன எழுதினாலும் சிரிப்பாங்க."

சாயங்காலம் போன் செய்வதாகச் சித்தி சொன்னாள். அவர் போன் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து, நாற்காலியை மேஜைக்கடியில் நேராகத் தள்ளி வைத்துவிட்டுப் போனார். செருப்புச் சத்தம் படியில் கேட்கவே இல்லை.

"இந்தக் காலத்துல இவ்வளவு நல்ல மனுஷன்," என்றான் கிளட்ச். "பக்கத்து வீட்டுக்காரன் செத்தாலே பேப்பர் பார்த்துத் தெரிஞ்சுக்கிறோம். இவர் முகம் தெரியாதவங்களுக்காக வேலையை விட்டுட்டு வந்திருக்கார்."

"முதல்ல நீ அந்தக் குழுவுல சேரு," என்றாள் சித்தி.

கிளட்ச் ஆபீஸ் கம்ப்யூட்டரில் 'கிளட்ச்' என்ற பெயரிலேயே சேர்ந்தான். சேர்ந்த கையோடு, குறட்டை விடுகிற சித்தியை என்ன செய்வது என்று ஒரு கேள்வியும் போட்டான். இரண்டு நிமிஷத்தில் ஏழு பதில் வந்தது. 'பழைய பேட்டரி' என்பவர் தலையணையை மாற்றச் சொன்னார். 'ரெண்டாம் மாடி' என்பவள் சித்தியை மாற்றச் சொன்னாள். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பதில் சொன்ன ஏழு பேரில் ஒருவராவது பக்கத்துத் தெருவில் இருக்கலாம், கடையில் அவன் காலை மிதித்திருக்கலாம். இங்கே வந்து அக்கறையாக விசாரிக்கிறார்கள். தன் கேள்விக்குக் கீழே 'திருத்து', 'அழி' என்று இரண்டு வார்த்தை இருப்பதைப் பார்த்து, சித்தி கண்ணில் படுவதற்குள் 'அழி'யை அழுத்தினான்.

"பார்த்துட்டேன்," என்றாள் சித்தி.

பிறகு இரண்டு பேரும் வேலையில் இறங்கினார்கள். ஐந்து கேள்விகளையும் சித்தி ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டாள். மழையில் ஊதிப்போன மரக்கதவு திறக்க வரவில்லை, என்ன செய்வது? தொட்டிச் செடியில் வெள்ளைப் பூச்சி, எப்படி விரட்டுவது? காயப்போட்ட துணியில் தூசி படிகிறதே? மாடிப்படி வழுக்குகிறதே? நேற்றுப் போட்டது ஐந்தாவது: ஜாடியில் வைத்த பூ வாடாமல் இருக்க என்ன வழி?

இதில் என்ன இருக்கிறது என்று கிளட்சுக்குப் புரியவில்லை. தான் தினமும் தன் பெண்டாட்டியிடம் இதைவிட மட்டமான கேள்வியெல்லாம் கேட்பதாகச் சொன்னான்.

முதல் கேள்விக்குக் கீழே ரெண்டாம் மாடி எழுதியிருந்ததைச் சித்தி காட்டினாள். 'அக்கா, இதுக்கு நீங்களே ஒரு தடவை பதில் சொல்லியிருக்கீங்களே.' அதற்கு நூல்கண்டு எழுதியிருந்தது: 'வயசாகுதில்ல.'

"இதைப் பார்த்துத்தான் எல்லாரும் பயந்திருக்காங்க," என்றாள் சித்தி. "சொன்னதையே மறந்துட்டாளேன்னு. ஆனா கணக்கைத் திருடினவன் எவனா இருந்தாலும் அவனுக்குத் தோணினதைக் கேட்பான். அஞ்சு கேட்டா அஞ்சுமா அவ முன்னாடி பதில் சொன்னதா வரும்? தேடிப் பார்."

கிளட்ச் தேடினான். குழுவில் பழையதையெல்லாம் தேட ஒரு வசதி இருந்தது. அரை மணி நேரத்தில் ஐந்துக்கும் நூல்கண்டின் பழைய பதில்கள் வரிசையாகக் கிடைத்தன. ஒவ்வொன்றையும் அவன் வாய்விட்டுப் படித்தான்.

கதவுக்கு அவள் மூன்று வருஷத்துக்கு முன் சொன்ன பதில்: 'உள்ள இருக்கிறவங்க என்ன தள்ளினாலும் திறக்காது, தோள்தான் வீங்கும். வெளியில இருந்து யாராவது வந்து இழுக்கணும்.'

பூச்சிக்கு: 'இன்னைக்குத்தான் வந்துதுன்னு நினைக்காதீங்க. ரொம்ப நாளா பக்கத்துல இருந்து உங்க செடியைப் பார்த்துக்கிட்டே இருந்திருக்கும். சாதுவா வந்து உட்காரும். அப்புறம் போகவே போகாது.'

தூசிக்கு: 'எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. பின்னாடியே மாவு மில். நாலு மணிக்குச் சங்கு ஊதினதும் ஒரு மூட்டை மாவு என் கொடியிலதான் விழும். துணியை எடுத்துப் பிசைய வேண்டியதுதான் பாக்கி.'

படிக்கு: 'எங்க வீட்டுக்குப் படி வெளிப்பக்கம், மேலே தண்ணித் தொட்டி ஒழுகும். வர்ற கஸ்டமர் எல்லாரும் பச்சைக் கதவைத் தட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை விழுந்து எழுந்துதான் வருவாங்க. மணலும் பெயின்ட்டும் கலந்து அடிங்க, சரியாப் போகும்.'

கிளட்ச் ஐந்தாவதைப் படிக்கும்போது குரல் இறங்கிவிட்டது. பூவுக்கான பதில் இரண்டே வரி. 'என்ன தண்ணி மாத்தினாலும் வெள்ளிக்கிழமைக்கு மேல தாங்காது. அதுக்குள்ள ஏதாவது பண்ணிக்கோங்க.'

அன்று வியாழக்கிழமை.

"கணக்கை யாரும் திருடலை," என்றாள் சித்தி. "இது அவளேதான். பக்கத்துல ஒருத்தன் நின்னு ஒவ்வொரு வார்த்தையையும் பார்க்கிறான். அவனால பார்க்க முடிஞ்சது கேள்வியை மட்டும்தான். பதிலை அவ ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வெச்சுட்டா."

கிளட்ச் கார்ச் சாவியை எடுத்தான்.

மாவு மில் ஊருக்கு ஒன்றே ஒன்றுதான். கிழக்குப் புறத்தில், சரக்கு லாரிகள் நிற்கிற இடத்தில். கிளட்சின் ஓட்டைக் கார் டிரைவிங் ஸ்கூல் கார் என்பதால் இடது பக்க சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. சித்தி அங்கேதான் உட்காருவாள். தனக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் மிதிப்பாள். அன்று ஆறு இடத்தில் மிதித்தாள். ஏழாவது இடத்தில் மிதித்தபோது கார் ஒரு சலவைக் கடை முன்னால் நின்றது. தெருவிலிருந்த இலைகள், ஜன்னல் விளிம்புகள், நிறுத்தியிருந்த சைக்கிளின் சீட்டு எல்லாவற்றின் மேலும் மெல்லிசாக வெள்ளை படிந்திருந்தது. வானம் காலையிலிருந்தே மூடிக் கிடந்ததால் அந்த வெள்ளையும் சாம்பல் மாதிரிதான் தெரிந்தது.

எதிர்ச்சாரியில், நாலு வீடு தள்ளி, வெளிப்பக்கமாக ஒரு படி ஏறிப்போயிற்று. படியில் மணல் கலந்த பெயின்ட். மேலே தண்ணீர்த் தொட்டி. அதன் கீழே பச்சைக் கதவு. கதவை ஒட்டி இருந்த ஜன்னலில் திரைச்சீலை முழுதாக இழுத்து விடப்பட்டிருந்தது.

சலவைக் கடைக்காரர் தாராளமாகப் பேசுகிறவர். மேலே இருப்பது தையல்கார அம்மா, பத்துப் பன்னிரண்டு நாளாய்க் கடை திறக்கவில்லை, உடம்புக்கு முடியவில்லையாம், யாரோ தம்பி முறை ஆகவேண்டியவர் வந்து கூட இருந்து பார்த்துக்கொள்கிறாராம். அவர்தான் சாப்பாடு வாங்கிப் போகிறார், அவர்தான் துணி கொண்டுவந்து போடுகிறார். தங்கமான மனுஷன், அந்தம்மாவை ஒரு வேலை செய்ய விடுவதில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் உள்ளே இயந்திரங்களைப் பார்க்கப் போனார்.

மணி மூன்றே முக்கால். கிளட்சுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. போனை எடுத்து, காலையில் வந்தவரின் எண்ணைத் தேடினான். பாவம், குழுவில் ஒன்பதாயிரம் பேருக்கு அவர் பதில் சொல்ல வேண்டும், முதலில் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றான்.

சித்தி அவன் கையோடு போனைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது.

"அவ எடுத்த அஞ்சு பதிலும் எப்ப எழுதினது?"

எல்லாம் பழசு என்றான் கிளட்ச். இரண்டு வருஷம், மூன்று வருஷம்.

"ஆறு வருஷமா தினமும் எழுதறா. போன மாசம்கூடக் கதவைப் பத்திப் பேசியிருக்கா, துணியைப் பத்திப் பேசியிருக்கா. அதையெல்லாம் தொடவே இல்லை. சமீபத்துல எழுதினது ஒண்ணுகூட இல்லை. ஏன்னா அவன் அதையெல்லாம் படிச்சிருப்பான். குழுவுல கொஞ்ச காலமாத்தான் இருக்கிறவன் அவன்."

கிளட்ச் குழுவைப் போனில் திறந்தான். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் எப்போது சேர்ந்தார் என்று போட்டிருந்தது. அவன் 'சும்மா ஒருத்தன்' பெயரைத் தேடிப் பார்த்தான். எட்டு மாதம், நாலு நாள்.

"எட்டு மாசத்துல நூறு பேர் சேர்ந்திருப்பாங்க சித்தி," என்றான். சொல்லும்போதே தன் குரல் தனக்கே கேட்காத மாதிரி இருந்தது.

சித்தி பையிலிருந்து அந்த ஐந்து தாள்களையும் எடுத்து, துவைத்து மடித்த துண்டுகளின்மேல் பரப்பினாள். முதல் தாளில், நூல்கண்டின் கேள்விக்குக் கீழே விரலை வைத்தாள். அங்கே சின்ன எழுத்தில் இரண்டு வார்த்தை. 'திருத்து. அழி.' இரண்டாவது தாளிலும் அதேதான். ஐந்திலும் அதேதான்.

"காலையில நீ என்னைப் பத்திக் கேள்வி போட்டியே, அதுக்குக் கீழே இது வந்தது. மத்தவங்க கேள்விக்குக் கீழே வந்துதா?"

வரவில்லை. கிளட்ச் இப்போதும் பார்த்தான். நூல்கண்டின் அதே கேள்வி அவன் போனில் வெறுமையாக இருந்தது. எழுதினவருக்கு மட்டும்தான் திருத்தவும் அழிக்கவும் உரிமை. அந்தத் தாள்கள் நூல்கண்டின் கணக்குக்குள்ளேயிருந்து அச்செடுத்தவை.

"கவுண்டர்ல ஒரு குடை வந்தா பத்துப் பேர் என்னுதும்பாங்க," என்றாள் சித்தி. "சொந்தக்காரன் மூணாவது கம்பி வளைஞ்சிருக்கும்பான். எடுத்துக்கிட்டுப் போக வந்தவன் அழகான குடைம்பான். இவன் அவளைப் பத்தி ஒரு குறை சொல்லலைடா. எனக்கு அப்பவே சந்தேகம் தட்டுச்சு. ஆனா சந்தேகத்தை வெச்சுக்கிட்டுப் போலீசுக்குப் போக முடியாது. இதை வெச்சுப் போகலாம்."

காலையில் அதே ஆளுக்குத் தான் தண்ணீர் கொடுத்ததை நினைத்தான் கிளட்ச். எதிரே பச்சைக் கதவு அசையாமல் இருந்தது.

இன்ஸ்பெக்டரம்மா சித்திக்கு டிப்போக் காலத்திலிருந்து பழக்கம். போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஆபீஸ் பக்கம் இரண்டு பேர், இந்தத் தெருவுக்கு இரண்டு பேர் அனுப்புவதாகச் சொன்னார். தெருவுக்கு வர இருபது நிமிஷமாவது ஆகும். அதற்குள் யாரும் படியேறக்கூடாது என்பதில் சித்தி உறுதியாக இருந்தாள். அவன் உள்ளே இருக்கும்போது கதவைத் தட்டினால் அந்தப் பெண்ணை என்ன செய்வான் என்று சொல்ல முடியாது. முதலில் அவனை வெளியே வரவழைக்க வேண்டும்.

மணி மூன்று ஐம்பத்தாறு. சித்தி அந்த ஆளுக்குப் போன் செய்தாள். கிளட்ச் காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

விசாரித்துப் பார்த்ததில் பயப்பட ஒன்றும் இல்லை, எழுத்து அந்தம்மாவுடையதுதான், கடிதம் தயாராக இருக்கிறது என்று சித்தி சொன்னாள். குரலில் ஒரு பிசிறு கிடையாது. அந்தப் பக்கம் அவர் ரொம்ப சந்தோஷப்பட்டார். தான் வேலையில் இருப்பதாகவும், நாளைக் காலையில் வந்து வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். நாளைக்கு ஆபீஸ் கிடையாது, இன்று ஐந்து மணிக்கு மேல் தானும் இருக்கமாட்டேன் என்றாள் சித்தி. அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எந்தக் கேள்வியைப் பார்த்து முடிவு செய்தீர்கள் என்று விசாரிக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றாக விசாரித்தார். கிளட்ச் சுவரிலிருந்த கடிகாரத்தையும் சித்தியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். மூன்று ஐம்பத்தொன்பது. பேச்சு முடிகிற வழியாக இல்லை.

சங்கு ஊதப்போகிறது என்று கிளட்சுக்கு அப்போதுதான் உறைத்தது. இங்கே கேட்கிற சங்கு போன் வழியாகவும் கேட்டால், பக்கத்தில்தான் இருக்கிறார்கள் என்று அந்த ஆளுக்குத் தெரிந்துவிடும்.

கிளட்ச் பாய்ந்துபோய் ஓரத்தில் கிடந்த பெரிய துணி உலர்த்தும் இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினான். அது கடகடவென்று கிளம்பியது. சித்தி போனோடு குனிந்து, கம்பளிக் குவியலுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள். கிளட்சும் மேலே ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டு உள்ளே காதைக் கொடுத்தான். சங்கு ஊதிற்று. வெளியே அமுங்கிக் கேட்டது. போனுக்குள் தெளிவாகக் கேட்டது. இரண்டும் சேர்ந்து ஆரம்பித்து, சேர்ந்து நின்றன.

"என்ன மேடம், ஏதோ சத்தம்?"

"கீழ் மாடியில மெஷின் ஓடுது. நீங்க சொன்னது கேக்கலை."

பரவாயில்லை என்றார் அவர். பிறகு, உடனே கிளம்பி வருவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

கடைக்காரர் ஓடிவந்து, காலி இயந்திரத்தை யார் ஓட்டியது என்று கேட்டார். கிளட்ச் அவரைப் பேசவிடாமல் தொங்கிக்கொண்டிருந்த விரிப்புகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

பச்சைக் கதவு திறந்தது. அவர் வெளியே வந்து பூட்டினார். இழுத்துப் பார்த்தார். இரண்டு படி இறங்கி, மறுபடி ஏறிப்போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு அதே முழுக்கைச் சட்டையில், சத்தம் இல்லாமல் இறங்கித் தெருவில் நடந்து வந்தார். கடை வாசலில் நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் ஒரு விரிப்பு, அதற்குப் பின்னால் கிளட்ச். கண்ணாடியில் தன் தலையைச் சரிசெய்துகொண்டு, அங்கே நின்றிருந்த டிரைவிங் ஸ்கூல் காரை ஒரு தடவை பார்த்துவிட்டு, பஸ் நிறுத்தத்தின் பக்கம் போனார்.

பஸ் ஏறும்வரை சித்தி யாரையும் அசையவிடவில்லை.

கார் டயர் கழற்றுகிற இரும்பை எடுத்துக்கொண்டு கிளட்ச் படியேறினான். பூட்டு இரண்டாவது அடியில் விட்டது. முன் அறையில் ஒரு பாய், மேஜை, அடுக்கி வைத்த சட்டைகள். உள்ளறைக் கதவில் புதிதாக ஒரு தாழ்ப்பாள் வெளிப்பக்கம் போட்டிருந்தது. தாழ்ப்பாளை எடுத்த பிறகும் கதவு மரம் ஊதிப் பிடித்துக்கொண்டது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான்.

தையல் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் ஐம்பது வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். இடது தோள் வீங்கியிருந்தது. கையில் துணி வெட்டுகிற கத்தரிக்கோல். அதை அவள் கீழே போடுவதற்குச் சித்தி பக்கத்தில் போய் உட்கார்ந்து, குழுவிலிருந்து வந்திருக்கிறோம் என்று இரண்டு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அதன்பிறகு அவள் நிறுத்தாமல் பேசினாள். திரைச்சீலைக்கு மடிப்பு அடிக்கவேண்டும் என்று ஒரு துணியோடு வந்தானாம். துணியைக் கொடுத்துவிட்டு, அவள் குழுவில் எழுதிய ஜோக் ஒன்றை அவளிடமே சொன்னானாம். உங்களைப் பார்த்துவிட்டேன், இனி எனக்கு மட்டும் சொன்னால் போதும் என்றானாம். அவள் குழுவில் காணவில்லை என்றால் தேடுவார்கள் என்பதால் இரண்டு நாளைக்கு ஒரு தடவை அவளைச் சொல்லச்சொல்லித் தன் போனில் அவனே தட்டினான். எவ்வளவு யோசித்து எந்தக் கேள்வியைச் சொன்னாலும், படித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுவான்.

"வெள்ளிக்கிழமை என்னம்மா?" என்று கேட்டாள் சித்தி.

"வெள்ளிக்கிழமையிலேருந்து நான் சொல்லத் தேவையில்லைன்னான். என்னை மாதிரியே எழுத அவனுக்கு வந்துடுச்சாம்."

சித்தி அவள் கையை விடவில்லை. இன்ஸ்பெக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. ஆபீஸ் படியிலேயே பிடித்துவிட்டார்களாம். அவன் ஓடவும் இல்லை, மறுக்கவும் இல்லையாம். எந்தக் கேள்வியில் தெரிந்தது என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறானாம்.

கீழே போலீஸ் ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. வழி காட்டலாம் என்று கிளட்ச் முன் அறைக்கு வந்தான். வரும்போது பார்க்காத மேஜையை இப்போதுதான் பார்த்தான். சார்ஜில் போட்ட இரண்டு போன்கள், ஒன்றுக்கொன்று நேராக. இரண்டின் முதுகிலும் ஒரு காகிதத் துண்டு ஒட்டி, அழகான கையெழுத்தில் ஒரு பெயர். ஒன்றில் 'பாதி நிலா'. இன்னொன்றில் 'குட்டித்தோட்டம்'.

இதெல்லாம் யாருடையது என்று அவன் உள்ளே பார்த்துக் கேட்டான். நூல்கண்டு தலையைத் திருப்பாமல் சொன்னாள்.

"தினமும் காலையில அதுல எழுதுவான். எழுதினதை எனக்கு வாசிச்சுக் காட்டுவான். இவங்கள்லாம் எங்கேன்னு ஒரு நாள் கேட்டேன். இவங்களும் ரொம்ப நல்லாச் சிரிப்பாங்கன்னான்."

கிளட்ச் இரண்டாவது போனைத் தொட்டான். பூட்டு எதுவும் இல்லை. செடி வளர்ப்பவர்களின் குழு ஒன்று திறந்தது. குட்டித்தோட்டம் இரண்டு வருஷமாக ஒரு நாள்கூடத் தவறாமல் எழுதியிருந்தாள். கடைசியாக எழுதியது அன்று காலை எட்டு பத்துக்கு. 'வணக்கம் மக்களே. என் தக்காளிச் செடி காய்க்கலைன்னு திட்டினேன். இப்ப அதுவும் என் வீட்டுக்காரர் மாதிரி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்குது. சமாதானம் பண்ண வழி சொல்லுங்க.'

அதற்கு எண்பது பேர் வழி சொல்லியிருந்தார்கள். இருநூறு பேர் சிரித்திருந்தார்கள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருநூற்று ஒன்று ஆயிற்று.